டிராயிங் பீரியடும் பச்சை மாடும்

1

ஆஸ்பத்திரியில நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து பத்து வருசம் ஆச்சுன்னு போன வாரம் எனக்கு விழா எடுத்தாங்க. விழான்னதும் மாலை, மைக் செட், சோடா எல்லாம் நினைச்சுக்காதீங்க. ஜெர்மனியில விழான்னா, காபி குடிக்கிற நேரத்துல காபி குடிக்கிற இடத்துல ரெண்டு நிமிசம் எந்திரிச்சு நிக்கிறது. மேட்ரன் அம்மா கை குலுக்கி, நகராட்சி முத்திரை போட்ட பீங்கான் கோப்பை ஒண்ணு கொடுத்தாங்க. பத்து வருசமா இந்த ஊர்க் கிழவர்களைத் தூக்கி, புரட்டி, துடைச்சுப் படுக்க வச்சதுக்கு ஒரு கோப்பை. நானும் நாலு தடவை நன்றி சொல்லி வாங்கிக்கிட்டேன்.

கோப்பையில ஒரு கோபுரம் போட்டிருந்துச்சு. இந்த ஊர்ப் பழைய மதில்ல மிச்சம் நிக்கிற கோபுரமாம். நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஊர்க் கோபுரமும் எங்க அரசாங்க முத்திரையில இருக்கு"ன்னு சொல்லிட்டேன். அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம்தான்னு நாங்க சொல்லுவோம், மதுரைக்காரங்க வேற சொல்லுவாங்க, அவங்களை விடுங்க. மேட்ரன் அம்மா கண்ணை விரிச்சு, "அப்படியா! உங்க அரசாங்கத்துக்குக் கலை மேல எவ்வளவு மரியாதை!"ன்னாங்க.

குடிச்ச காபி எனக்கு மூக்கு வழியா வந்துருச்சு. சளி பிடிச்சிருக்குன்னு சொல்லிச் சமாளிச்சேன். அந்தக் கோபுரத்தைத் தலையில போட்டுக்கிட்டு வந்த அரசாங்கக் கடுதாசிகள் எங்க தேவராஜ் அண்ணனைப் படுத்துன பாடு அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

2

எங்க வீடு ஸ்ரீவில்லிபுத்தூர்ல மடவார் வளாகத்துப் பக்கம். அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயசு மூத்தவன். எண்பதுகள்ல ராஜபாளையத்துல ஒரு பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டர் வேலை கிடைச்சுது. எங்க அம்மா மாதா கோயிலுக்குப் போயி மெழுகுவர்த்தி கொளுத்துனாங்க. அரசாங்கமே சம்பளம் கொடுத்து, பிள்ளைகளுக்குப் படம் போடச் சொல்லிக் கொடுன்னு ஒரு ஆளை வைக்குதே, இதைவிட ஒரு நாகரிகம் உண்டான்னு நாங்க பூரிச்சுப் போனோம்.

அண்ணன் முதல் நாள் வெள்ளைச் சட்டை, புது சாக்பீஸ் டப்பாவோட போனான். டைம்டேபிள்ல ஆறாம் வகுப்புக்கு டிராயிங் பீரியட்னு தெளிவா எழுதியிருந்துச்சு. வாசலுக்குப் போனா உள்ள கணக்கு வாத்தியார் ராஜு சார் ஏற்கெனவே பின்னத்தைக் கூட்டிக்கிட்டு இருந்தாரு. வீட்டுல தெலுங்கு பேசுறவரு, தங்கமான மனுசர்.

"ஏமி மாஸ்டர், இன்னைக்கி ஒரு நாளைக்கு மட்டும் குடுத்திருங்க. போர்ஷன் முடியல."

அண்ணனும் கொடுத்துட்டான். புதுசா வந்தவன், முதல் நாளே பெரியவர்கிட்ட மல்லுக்கு நிக்க முடியுமா? மறுவாரம் போனா, "இன்னைக்கி ஒரு நாளைக்கு மட்டும் மாஸ்டர்." அதுக்கு அடுத்த வாரம் ராஜு சார் கேக்கவும் இல்ல, அண்ணன் போகவும் இல்ல. இதைப் படிக்கிறவங்க யாரும் ஆச்சரியப்பட மாட்டீங்க. நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துலயும் டிராயிங் பீரியட் இப்படித்தான் போயிருக்கும். கேட்டா, பிள்ளைக நல்லதுக்குத்தான்.

அதுக்காக அண்ணன் சும்மா இருந்தான்னு நினைச்சிராதீங்க. ஓவியக் கலையை அவன் அளவுக்கு வளர்த்த ஆள் அந்தப் பக்கம் கிடையாது. குடிதண்ணீர்த் தொட்டியில 'கையைக் கழுவவும்'னு எழுதுனான். சிவப்பு முக்கோணம் போட்டு 'நாம் இருவர், நமக்கு இருவர்'னு எழுதுனான். விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டான். மந்திரி யாராவது தென்காசி ரோட்டுல போனா, வரவேற்பு வளைவுல கோபுரம் வரைஞ்சு கொடுத்தான். எலக்‌ஷனுக்கு விரல்ல மை வச்சான். மையும் ஒரு வர்ணந்தானே.

வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தா, அம்மா ஆசையா, "இன்னைக்கிப் பிள்ளைக என்னப்பா வரைஞ்சாக?"ன்னு கேப்பாங்க. "மாம்பழம்மா"ம்பான். இன்னொரு நாள், "பூச்சாடிம்மா." அதைச் சொல்லும்போது அவன் தட்டைப் பாத்துத்தான் சொல்லுவான்.

3

அப்போ ஒரு வருசம் இன்ஸ்பெக்‌ஷன் வந்துச்சு. கல்வி அதிகாரி வாராரு, ஒவ்வொரு பாடத்துக்கும் பிள்ளைக என்ன படிச்சிருக்குன்னு பாப்பாரு, டிராயிங்குக்கு மாணவர் கைவண்ணம் சுவத்துல ஒட்டியிருக்கணும்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. ஒரு பீரியட்கூடக் கையில இல்லாதவன் கைவண்ணத்துக்கு எங்க போவான்?

அந்தச் சனி ஞாயிறு எங்க வீட்டுக் கூடம் பூராவும் தாள். அண்ணன் இடது கையால வரைஞ்சான். வலது கையால வரைஞ்சா ரொம்ப நல்லா வந்துருமாம், பிள்ளைக வரைஞ்சதுன்னு நம்ப மாட்டாங்களாம். மாம்பழம், பூச்சாடி, தேசியக்கொடி, மலைக்குப் பின்னால சூரியன், மாடு. நான் அடியில விதவிதமான கையெழுத்துல பேரு எழுதுனேன். முத்துக்குமார், ஆறாம் வகுப்பு. அந்தோணியம்மாள், ஏழாம் வகுப்பு. ஒரு மாட்டை வரைஞ்சு முடிச்சுட்டு அண்ணன் அழிச்சான்.

"ஏன்ணே, நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுட்டி, அதான்."

ஆனா அவன் கை எங்க கேக்குது? இடது கையும் அம்புட்டு அழகா வரைஞ்சு தொலைச்சுது. அதிகாரி வந்தாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு ஒவ்வொரு படமாப் பாத்தாரு. ஹெட்மாஸ்டருக்குப் பெருமை தாங்கல. அண்ணனுக்கு இனி நிரந்தரம்தான்னு எல்லாரும் நினைச்சாக. அதிகாரியும் பிரமாதம்னு சொல்லிட்டு, போய் அறிக்கை எழுதுனாரு. கோபுரம் போட்ட தாள்ல பதில் வந்துச்சு. 'இப்பள்ளி மாணவர்கள் ஓவியக் கலையில் தன்னிறைவு அடைந்துள்ளனர்.' ஆகையினால இங்க முழுநேர டிராயிங் மாஸ்டர் தேவையில்ல. வாரத்துல மூணு நாள் ராஜபாளையம், பாக்கி நாள் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இன்னொரு பள்ளிக்கூடம்.

நெல்லு விளையுறதுல தன்னிறைவு கேள்விப்பட்டிருப்பீங்க. மாம்பழம் வரையுறதுல தன்னிறைவு கண்ட முதல் ஊர் எங்க ஊர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் டீச்சர் அண்ணனுக்காகவே காத்துக்கிட்டு இருந்தாங்க. "சார், இன்னைக்கி ஒரு நாளைக்கு மட்டும்"னாங்க. அதுக்கப்புறம் ரெண்டு ஊருக்கும் நடுவுல பஸ்ல போய் வந்து, ரெண்டு பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்‌ஷனுக்கும் அண்ணனே வரைஞ்சான்.

4

அரசாங்கம் கலைக்குக் காசே கொடுக்கலன்னு யாரும் சொல்லிரக் கூடாது. ஒரு வருசம் கொடுத்துச்சு. மார்ச் மாசக் கடைசியில, பரீட்சை நடந்துக்கிட்டு இருக்கும்போது, அட்டைப்பெட்டி நிறைய கிரேயான் வந்து இறங்குச்சு. அந்த மாசத்துக்குள்ள செலவழிக்கலன்னா காசு திரும்பிப் போயிருமாம். சரி, வந்துருச்சே, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்னு அண்ணன் போனா, ஹெட்மாஸ்டர் பெட்டியைப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு.

"ஸ்டாக்குல ஏத்தியாச்சு மாஸ்டர். ஆடிட் வந்து எண்ணிப் பாத்தா குறையக் கூடாதுல்லா?"

இரும்புப் பீரோ, மேல தகரக் கூரை, ராஜபாளையத்து மே மாச வெயில். ஜூன்ல திறந்து பாத்தா எல்லா வர்ணமும் உருகி ஒட்டி ஒரே கட்டியாக் கிடந்துச்சு. ஹெட்மாஸ்டர் செத்த நேரம் பாத்துட்டு, எடை குறையலைன்னு சொல்லித் திரும்பப் பூட்டுனாரு. ஆடிட் பல தடவை வந்து போச்சு. கட்டி அங்கேயேதான் இருந்துச்சு.

இதுக்குள்ள நான் நர்சிங் முடிச்சு, ஜெர்மனிக்கு வந்து, கல்யாணம் ஆகி, ஷீலா பிறந்து, அவளுக்கு ஏழு வயசும் ஆயிருச்சு. என் மக பேசுற தமிழ் தனி. சோறு வேணும்பா, குழம்பு வேண்டாம்பா, ரெண்டுக்கும் நடுவுல ஜெர்மன்ல முழ நீளத்துக்குப் பேசுவா. அவளுக்குக் கணக்கு வரல. நான் ஒருநாள் அவ டீச்சர்கிட்டப் போயி, சனிக்கிழமை அவ போற ஓவிய வகுப்பை நிறுத்திட்டு அந்த நேரத்துல கணக்கு சொல்லிக் கொடுங்களேன்னு கேட்டேன். டிராயிங் மாஸ்டர் தங்கச்சி கேட்ட கேள்வியைப் பாத்தீங்களா? ரத்தத்துல ஊறுனது எங்க போகும். அந்த டீச்சர் ஏதோ நான் பிள்ளைக்குச் சாப்பாடு போடலன்னு சொன்ன மாதிரி என்னைப் பாத்தாங்க.

ஊர்லயிருந்து ரெண்டு வருசத்துக்கு முந்தி அண்ணன் போன் பண்ணுனான். குரலே சரியில்ல. வர்ற இன்ஸ்பெக்‌ஷனோட ரெண்டு பள்ளிக்கூடத்துலயும் டிராயிங் மாஸ்டர் வேலையையே எடுத்துரப் போறாங்களாம். சம்பளம் போகாதாம். வட்டாரக் கல்வி ஆபீஸ்ல தபால்ல சீல் குத்துற இடத்துல உக்கார வைப்பாங்களாம்.

"பிள்ளைக எல்லாம் நல்லா வரையுதாம், இனி மாஸ்டர் எதுக்குன்னு கேக்காகட்டி. நான் டிராயிங் மாஸ்டராவே ரிட்டையர் ஆயிரணும்னு நினைச்சேன்"ன்னான்.

எனக்கு அழுகை வந்துருச்சு. ஒரு மாசம் இங்க வந்துட்டுப் போண்ணேன்னு டிக்கெட் எடுத்து அனுப்புனேன். வெளிநாடு போக ஆட்சேபணை இல்லைன்னு இலாகாவுல சர்டிபிகேட் வாங்கணும். ஒரு நாளும் வகுப்பெடுக்க விடாத இலாகா, அந்த ஒரு மாசம் மட்டும் மாணவர் கல்வி கெட்டுப்போயிருமேன்னு கவலைப்பட்டுச்சு. கேட்டது மே மாசம், பள்ளிக்கூடமே லீவு. ஒருவழியாக் கொடுத்தாங்க.

5

இங்க சனிக்கிழமை ஓவியப் பள்ளிக்கு நகராட்சி காசு கொடுக்குது. வர்ணம், தாள், ஏப்ரன், பழச்சாறு உட்பட. உர்சுலான்னு ஒரு டீச்சர். நரைச்ச முடி, முழங்கை வரைக்கும் பெயிண்ட். அண்ணனை டிராயிங் மாஸ்டர்னு அறிமுகப்படுத்தினதும் அந்த அம்மா அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. இத்தனை வருசத்துல அந்த வேலைக்கு அவனுக்குக் கிடைச்ச முதல் மரியாதை. அண்ணன் கூச்சத்துல நெளிஞ்சான்.

கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் ஒண்ணா சேர்ந்ததுல இருந்து எங்க நகராட்சி கையில காசில்லையாம். நாலு சனிக்கிழமை கழிச்சு கலாச்சாரக் குழு உறுப்பினர்கள் வகுப்பைப் பார்வையிட வர்றதா இருந்துச்சு. பாத்துட்டு, காசு தொடரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க. அன்னைக்கி நானும் போயிருந்தேன். குழு வர்றதை ஷீலா அரைகுறைத் தமிழ்ல அண்ணன்கிட்டச் சொன்னா.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "இன்ஸ்பெக்‌ஷனாட்டி?"

"ஆமாண்ணே, அப்படித்தான்."

"இந்தப் படங்களை வச்சுக்கிட்டா?"

பிள்ளைக எல்லாம் மாடு வரைஞ்சிருந்தாங்க. மாடுன்னு அவங்க சொன்னதுனால மாடு. ஒண்ணுக்கு அஞ்சு கால். ஒண்ணு மேகத்துல மேஞ்சுது. ஷீலா மாடு பச்சை, கண்ணு ரெண்டும் ஒரே பக்கம். உர்சுலா டீச்சர் அதுகளைப் பாத்து, "அருமை, அருமை"ன்னு சொல்லி மேசை மேல காயவச்சாங்க. பிள்ளைக பழச்சாறு குடிக்க வெளிய ஓடுச்சு. நானும் டீச்சரும் காபி போடப் போனோம்.

திரும்பி வந்து பாக்குறோம், அண்ணன் கையில பிரஷ். எல்லா மாட்டையும் சரிபண்ணி முடிச்சிருந்தான். காலை நாலாக்கி, கொம்பைச் சீராக்கி, பிள்ளைக வர்ணத்து மேலேயே வர்ணம் பூசி. அதுவும் நம்ம ஊர்ப் பக்கத்து வன்னியம்பட்டி மாடு. ஒவ்வொண்ணுக்கும் முதுகுல கம்பீரமா ஒரு திமில். ஜெர்மன் மாட்டுக்குத் திமில் கிடையாது.

பிள்ளைக உள்ள வந்துச்சு. ஒரு பொண்ணு ஓன்னு அழுதா. ஒரு பையன் மேசையைத் தட்டிக் கத்துனான். ஷீலா அவ மாட்டையே பாத்துக்கிட்டு நின்னா. அந்த நேரம் பாத்துக் கலாச்சாரக் குழு உள்ள நுழையுது. தலைவர் ஒவ்வொரு படமாப் பாத்தாரு. எல்லாம் ஒரே மாடு.

"இந்த மாதிரி மாட்டை நம்ம பிள்ளைங்க எங்க பாத்துச்சு?"ன்னு கேட்டாரு.

உர்சுலா டீச்சருக்குப் பொய் சொல்லத் தெரியல. இந்தியாவுல இருந்து வந்த விருந்தாளி திருத்திட்டாருன்னு சொல்லிட்டாங்க. தலைவர் ஏன்னு கேட்டாரு. நான் அண்ணனுக்குத் தமிழ்ல சொன்னேன்.

"பிள்ளைக படம் நல்லா இல்லன்னா காசை நிறுத்திருவாகல்லா? அந்த அம்மா வேலை போயிரும்லா? அதான் செஞ்சேன்னு சொல்லுட்டி"ன்னான்.

நான் சொன்னேன். தலைவர் அண்ணனைப் பாத்து மெதுவாச் சொன்னாரு, "நல்லா வரையத் தெரிஞ்ச பிள்ளைங்களுக்கு நாங்க எதுக்குக் காசு கொடுக்கணும்?" அதை நான் தமிழ்ல சொன்னதும் அண்ணன் பக்கத்துல கிடந்த சின்ன ஸ்டூல்ல உக்காந்துட்டான்.

ஜெர்மன்காரனைத் தூக்கி வச்சு எழுதுறேன்னு நினைக்காதீங்க. அடுத்த மாசமே பாதிக் காசை வெட்டிட்டாங்க. வெட்டுன்னு சொல்லல, மறுசீரமைப்புன்னு சொன்னாங்க. அதைச் சொல்ல ஒரு கூட்டம் போட்டு, ஆப்பிள் கேக்கும் கொடுத்தாங்க. நம்ம ஊர்ல கேக் கிடையாது, அம்புட்டுதான் வித்தியாசம்.

ஷீலா ரெண்டு நாள் மாமாகிட்டப் பேசல. மூணாம் நாள் சாப்பிடும்போது கேட்டா.

"மாமா, உங்க ஸ்கூல் பிள்ளைங்க வரைஞ்சது காட்டுங்க. நானும் திருத்துறேன்."

"எங்கிட்ட இல்ல பாப்பா."

"ஒண்ணு கூடவா?"

அண்ணன் தட்டைப் பாத்தான். அம்மா கேக்கும்போது பாப்பானே, அதே மாதிரி. பொறவு தலையத் தூக்கி, "நான் இன்னும் ஒரு பிள்ளை வரைஞ்சு பாத்ததே இல்ல பாப்பா. உன் மாடுதான் முதல்ல பாத்தது. அதையும் அழிச்சுப்புட்டேன்"ன்னான்.

ஷீலாவுக்கு எவ்வளவு புரிஞ்சுதோ தெரியல. எந்திரிச்சுப் போயி புதுசா ஒரு பச்சை மாடு வரைஞ்சு கொண்டாந்து கொடுத்தா. முந்தினதைவிட மோசம். அண்ணன் அதைச் சுருட்டி வேட்டிக்கு நடுவுல வச்சு ஊருக்குக் கொண்டு போனான். நான் வாங்கிக் கொடுத்த சாக்லேட்டை மறந்து வச்சுட்டுப் போயிட்டான்.

6

ஊருக்குப் போனவன் நேரா ராஜு சார் வகுப்பு வாசல்ல போயி நின்னிருக்கான்.

"சார், இன்னைக்கி ஒரு நாளைக்கு மட்டும் என் பீரியடைக் குடுங்க."

"போர்ஷன் முடியல மாஸ்டர்."

"உங்களுக்குப் போர்ஷன் முடியல. எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார்."

ராஜு சார் டஸ்டரை அண்ணன் கையில கொடுத்துட்டு வெளிய போயிட்டாராம். தங்கமான மனுசர்னு நான் முன்னாடியே சொன்னேன்ல. அண்ணன் ஹெட்மாஸ்டர்கிட்டச் சாவி வாங்கி, பீரோவைத் திறந்து, உருகுன கிரேயான் கட்டியைக் கல்லால உடைச்சு ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தான். ஒவ்வொரு துண்டுலயும் எல்லா வர்ணமும் இருந்துச்சு. மாடு வரைங்கன்னான். "எந்தக் கலர்ல சார்?"னு கேட்டிருக்கு பிள்ளைக. "வர்ற கலர்ல"ன்னான்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கி அதுகளை அப்படியே ஒட்டிட்டான். பக்கத்துல பச்சை மாட்டையும் ஒட்டினான். புதுசா வந்த அதிகாரி ஒரு சுத்து சுத்திட்டு, "ஏன் மாஸ்டர், இதுல ஒண்ணாவது மாடு மாதிரி இருக்கா?"ன்னாராம்.

"இல்ல சார்."

"இந்தப் பச்சை?"

"அது ஜெர்மன் மாடு சார். அதுவும் இல்ல."

கோபுரம் போட்ட தாள்ல உத்தரவு வந்துச்சு. 'இப்பள்ளி மாணவர்களின் ஓவியத் தரம் மிகவும் பின்தங்கியுள்ளது. தரம் உயரும் வரை ஓவிய ஆசிரியர் பணியிடம் இங்கேயே முழு நேரமாகத் தொடரலாம்.' போன்ல அண்ணன் அதை வாசிக்க, நானும் அவனும் சிரிச்ச சிரிப்புல எஸ்.டி.டி. பூத்காரர் கதவைத் தட்டிட்டாரு. நல்லா வரைஞ்சா வேலை போகும், கேவலமா வரைஞ்சா வேலை நிலைக்கும். இப்படி ஒரு கலைக் கொள்கையை வேற எந்த நாடு கண்டுபிடிச்சிருக்கும்?

அதுக்கப்புறம் பீரியடை யாரும் வாங்கல. அண்ணன் வாரா வாரம் வகுப்பெடுக்கான். மறுபடி இன்ஸ்பெக்‌ஷன் அடுத்த மாசமாம்.

கோப்பை கிடைச்ச கதையைச் சொல்லலாம்னு போன ஞாயித்துக்கிழமை அண்ணன் வாரா வாரம் வந்து காத்திருக்கிற பஸ் ஸ்டாண்டு பூத்துக்கு நானே போன் பண்ணுனேன். அண்ணன் கோப்பையைக் காதுல வாங்கவே இல்ல.

"ஏட்டி ஜெபா, ஒரு சங்கடம்."

"என்னண்ணே?"

"செட்டியார்பட்டியில இருந்து ஒரு பிள்ளை வருது. அவ அம்மா மில்லுக்குப் போறவ. ரெண்டு வருசமா எங்கிட்டத்தான் படிக்கி. நேத்து ஒரு மாடு வரைஞ்சுச்சுட்டி. படுத்து அசை போடுற மாடு. என்னால அப்படி வரைய முடியாது. வலது கையாலயும் முடியாது."

"அதுல என்னண்ணே சங்கடம்?"

"ஹெட்மாஸ்டர் சொல்லுதாரு, இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கி அந்தப் பிள்ளையை லீவு போடச் சொல்லிருங்கன்னு. படத்தை பீரோவுல வச்சுப் பூட்டிருங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவுல மூக்கை உறிஞ்சிட்டுப் பேசுனான். அழுதானா சிரிச்சானான்னு எனக்குத் தெரியல.

"வாசல்லயே ஒட்டிட்டேன்ட்டி. உள்ள வரும்போதே அதிகாரி கண்ணுல படட்டும்."